ஆமோஸ் ஓடவில்லை, பிஎல்எஸ்-க்கு மாறலாமா? வாடிக்கையாளர் விசுவாச ஆய்வுக்கு அறிகுறி பார்த்து வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எம்.காம். ஆய்வேட்டுக்காகக் கேள்வித்தாள் கொடுத்து, விடைகளை எல்லாம் எக்செலில் ஏற்றி, கடைசியில் ஆமோஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் மாட்டிக்கொண்டு நிற்கும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, இது ஓடவே மாட்டேங்குது, ஸ்மார்ட்பிஎல்எஸ்-க்கு மாறிடட்டுமா?" ஸ்மார்ட்பிஎல்எஸ் என்பது பிஎல்எஸ் என்ற வேறொரு முறையில் கணக்குப் போடும் மென்பொருள். ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் மாறினால் அங்கே எல்லாம் ஓடும், எண்களும் அழகாக வரும், கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும். அதனால் எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது, எப்போது முறையை மாற்றுவது நியாயம், எப்போது மாற்றக் கூடாது என்று ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடைச் சலுகை அட்டை வைத்திருப்பவர்களிடம் எடுக்கும் ஆய்வுகளின் பாணியில் இருக்கும். அவற்றில் வரும் எண்கள் கணக்கை விளக்க நான் போட்டவை.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் இரண்டு முறைகளும் என்ன செய்கின்றன என்பது கொஞ்சம் பிடிபட வேண்டும். ஆமோஸ், லிஸ்ரெல், லவான், எம்பிளஸ் எல்லாம் செய்வது கோவேரியன்ஸ் (இரண்டு விடைகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) வழி. விசுவாசம் என்ற ஒன்று வாடிக்கையாளர் மனதில் இருக்கிறது, அதுதான் நாலு கேள்விக்கும் அவர் தரும் விடையை இழுக்கிறது, அந்த நாலு விடைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து போவதற்குக் காரணம் அதுதான் என்று நாம் வைத்துக்கொள்கிறோம். இப்படி நேரே அளக்க முடியாததற்குப் பெயர் மறைமாறி, அது ஒரு கேள்வியை இழுக்கும் பலம் லோடிங், அதனால் விளக்க முடியாத மிச்சம் பிழைமாறி. அப்படி வைத்துக்கொண்டால் தரவின் கோவேரியன்ஸ் அட்டவணை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறதா என்று மென்பொருள் ஒத்துப்பார்க்கிறது. பிஎல்எஸ் வேறு வேலை செய்கிறது: கேள்விகளுக்கு எடை போட்டுக் கூட்டி ஒரு மதிப்பெண் ஆக்குகிறது, அந்த மதிப்பெண்களுக்கு நடுவே உள்ள பாதைகள் (ஒன்று இன்னொன்றைப் பாதிக்கிறது என்று நாம் போடும் அம்புகள்) முடிந்த அளவு அதிக மாறுபாட்டை விளக்கும்படி பார்த்துக்கொள்கிறது. 1970களில் லிஸ்ரெலைக் கொண்டுவந்த கார்ல் யோரெஸ்கோக், உப்சாலாவில் ஹெர்மன் வோல்டிடம் முனைவர் பட்டம் படித்தவர். பிஎல்எஸ்ஸை உருவாக்கியவர் அதே வோல்ட். குருவும் சீடரும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்காகச் செய்த கருவிகள் இவை, ஒன்று கெட்டுப்போனால் எடுத்து மாட்டும் ஸ்பேர் அல்ல இன்னொன்று.

அறிகுறி: எதிர்மறை மாறுபாடு, அல்லது ஒன்றைத் தாண்டிய லோடிங்

ஆமோஸ் வெளியீட்டில் ஏதோ ஒரு பிழைமாறியின் மாறுபாடு மைனஸில் இருக்கிறது, தீர்வு ஏற்கத்தக்கதல்ல என்று ஒரு குறிப்பும் வருகிறது. இதற்குப் பெயர் ஹேவுட் சிக்கல். மாறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாது, ஆக நாம் வரைந்த மாதிரிக்கும் (மாடலுக்கும்) தரவுக்கும் எங்கோ ஒட்டவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த மறைமாறிக்கு எத்தனை கேள்வி இருக்கிறது என்பது. விசுவாசத்துக்கு இரண்டே கேள்வி வைத்திருந்தால் இது அடிக்கடி வரும். குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு வேண்டும். அடுத்து, அந்தக் கேள்விகளில் இரண்டு கிட்டத்தட்ட ஒரே வாக்கியமா என்று பாருங்கள். "இந்தக் கடைக்குத் தொடர்ந்து வருவேன்", "இனிமேலும் இந்தக் கடைக்கே வருவேன்" என்று இரண்டும் இருந்தால் ஆள் ஒரே விடையைத்தான் தருவார், அவை இரண்டும் 0.9-க்கு மேல் சேர்ந்து நிற்கும், மூன்றாவது கேள்வி ஓரமாகத் தொங்கும். அப்புறம் எக்செலில் 5-க்குப் பதில் 55 என்று விழுந்த எண், தலைகீழாகக் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட மறந்தது, இந்த இரண்டையும் சரிபாருங்கள். சாதாரண விஷயம்தான், ஆனால் இங்கேயே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

இந்த அறிகுறிக்காக பிஎல்எஸ்-க்கு மாறாதீர்கள். பிஎல்எஸ் பிழை மாறுபாட்டைத் தனியாகக் கணிப்பதே இல்லை, அதனால்தான் இந்த எச்சரிக்கை அங்கே வருவதில்லை. எண்ணெய் குறைந்த விளக்கு எரிகிறதென்று டாஷ்போர்டில் பல்பைக் கழற்றிவிட்டு எம்4 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது போன்றதுதான் அது.

அறிகுறி: பொருத்தம் மோசம், சிஎஃப்ஐ 0.87, ஆர்எம்எஸ்ஈஏ 0.09

சிஎஃப்ஐ, ஆர்எம்எஸ்ஈஏ, எஸ்ஆர்எம்ஆர், கை-ஸ்கொயர் எல்லாம் மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்கள், முதலாவது கூடினால் நல்லது, மற்றவை குறைந்தால் நல்லது. ஹு, பென்ட்லர் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் சொன்ன அளவுகள் எல்லோருக்கும் மனப்பாடம்: சிஎஃப்ஐ 0.95 பக்கம், ஆர்எம்எஸ்ஈஏ 0.06 பக்கம், எஸ்ஆர்எம்ஆர் 0.08 பக்கம். அவை கல்லில் பொறித்த சட்டம் இல்லை, ஆனால் 0.87 என்றால் தரவு ஏதோ சொல்ல வருகிறது. அதைக் கேட்க வேண்டும். கை-ஸ்கொயர் மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது, மற்றவை சரியாக இருக்கின்றன, ஆள் எண்ணிக்கையும் 600, 700 என்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் எண்ணிக்கைதான் அதைத் தூக்கிவிடுகிறது. எச்ச அட்டவணையில் (மாதிரி சொல்வதற்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசங்களில்) பெரிய எண் ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை எழுதிவிட்டு மேலே போகலாம்.

எல்லாமே மோசம் என்றால் தரப்படுத்திய எச்சங்களையும், எந்த அம்பைச் சேர்த்தால் பொருத்தம் கூடும் என்று சொல்லும் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸையும் திறங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது? சேவைத் தரத்துக்கு வைத்த "ஊழியர்கள் என்னை மதிக்கிறார்கள்" என்ற கேள்வி திருப்தியின் மேலும் லோடு ஆக ஆசைப்படுகிறதா? அப்படியானால் அது இரண்டு வீட்டுப் பிள்ளை, எங்கே வைப்பது என்பதைக் கோட்பாட்டைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். இண்டெக்ஸ் பெரிதாக இருக்கிறதே என்று பிழைமாறிகளுக்கு நடுவே வளைந்த அம்புகளை வரிசையாகப் போட்டு 0.95-ஐத் தொடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அந்த அம்பு வேண்டாம்.

பிஎல்எஸ்-க்குப் போனால் பொருத்தம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை சிலருக்கு. ஸ்மார்ட்பிஎல்எஸ்ஸும் எஸ்ஆர்எம்ஆர் தருகிறது, தேர்வாளர்களும் இப்போது கேட்கிறார்கள்.

அறிகுறி: ஏவிஇ 0.5-க்குக் கீழே

ஏவிஇ என்பது ஒரு மறைமாறி தன் கேள்விகளின் மாறுபாட்டில் சராசரியாக எவ்வளவை விளக்குகிறது என்ற அளவு. இதைக் கையால் ஒரு தடவை போட்டுப்பாருங்கள், பயம் போய்விடும். நம்பிக்கைக்கு நாலு கேள்வி, லோடிங் 0.80, 0.75, 0.70, 0.45. வர்க்கங்கள் 0.64, 0.5625, 0.49, 0.2025, கூட்டினால் 1.895, நாலால் வகுத்தால் 0.47. 1981-இல் ஃபோர்னெல், லார்க்கர் சொன்ன 0.5-க்குக் கீழே. ஆனால் அதே நாலு எண்களில் கூட்டு நம்பகத்தன்மை (கேள்விகள் சேர்ந்து எவ்வளவு நிலையாக அளக்கின்றன என்பது) 0.78 வருகிறது, அது 0.7-ஐத் தாண்டிவிட்டது. கடைசிக் கேள்வியை எடுத்தால் ஏவிஇ 0.56, நம்பகத்தன்மை 0.79.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது. அந்த 0.45 கேள்வி என்ன கேட்டது? "இந்தக் கடை என் தகவல்களைப் பாதுகாக்கும்" என்பதா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் தேதி முழுதாகக் கட்டாயமானது முதல் இந்த ஊரில் இது தனிப்பட்ட கவலையாகவே ஆகிவிட்டது. விலையில் ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்புகிற ஆயா, செல்பேசி எண்ணைக் கொடுக்கத் தயங்கலாம். அப்போது அந்தக் கேள்வியை எடுப்பது நம்பிக்கையின் பொருளையே சுருக்கிவிடும். எடுத்தால் எடுத்ததையும் காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதே தரவை பிஎல்எஸ்ஸில் போட்டால் லோடிங் கூடுதலாக வரும், ஏவிஇ தானாக 0.5-ஐத் தாண்டும். அளவுகோல் மேம்படவில்லை, கணக்கிடும் விதம்தான் மாறியது.

அறிகுறி: திருப்தியும் விசுவாசமும் ஒன்றாகிவிட்டன, எச்டிஎம்டி 0.93

விசுவாச ஆய்வில் அதிகம் வருவதும் அதிகம் யோசிக்க வேண்டியதும் இதுதான். ஹென்செலர், ரிங்கிள், சார்ஸ்டெட் 2015-இல் கொண்டுவந்த, இரண்டு மறைமாறிகள் வேறு வேறாகத் தெரிகின்றனவா என்று பார்க்கும் எச்டிஎம்டிக்கு 0.85 என்பது கண்டிப்பான எல்லை, நெருங்கிய கருத்துகளுக்கு 0.90. அதையும் தாண்டினால் உங்கள் ஆட்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம், அல்லது உங்கள் கேள்விகள் பிரிக்கவில்லை. எந்த மென்பொருளுக்கு மாறினாலும் இது தீராது.

கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திருப்தியில் "இந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு", விசுவாசத்தில் "இந்தக் கடைதான் என் முதல் தேர்வு" என்று இருந்தால் பதில் எழுதுகிறவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ரிச்சர்ட் ஆலிவர் 1999-இல் விசுவாசத்தை நாலு படியாக வைத்தார்: அறிவால், பின் உணர்வால், பின் எண்ணத்தால், கடைசியில் செயலால். உணர்வுப் படியில் மட்டுமே கேள்வி வைத்தால் அது திருப்தியோடு ஒட்டத்தான் செய்யும். எண்ணத்தையும் செயலையும் கேளுங்கள்: விலை கொஞ்சம் ஏறினாலும் இங்கேயே வாங்குவீர்களா, பக்கத்தில் புதுக் கடை திறந்தால் என்ன செய்வீர்கள், போன மாதம் மளிகைச் செலவில் எவ்வளவு இங்கே போனது.

செயலைக் கேட்கும்போதும் ஒரு பொறி உண்டு. டிக், பாசு 1994-இல் எழுதிய கட்டுரையில், திரும்பத் திரும்ப வாங்குவதும் மனதார விரும்புவதும் சேர்ந்தால்தான் மெய்யான விசுவாசம், விருப்பம் இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தால் அது போலி விசுவாசம் என்றார்கள். 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்கு ஊரே போனது. அந்த மாதங்களின் வருகைக் கணக்கை வைத்து விசுவாசம் அளந்தால் ஜெனரேட்டரைத்தான் அளந்திருப்பீர்கள். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மின்வெட்டில் திறந்திருந்ததா, டாக்ஸி நிற்கும் இடம் பக்கத்திலா என்பதை எல்லாம் கட்டுப்பாட்டு மாறிகளாகக் கேட்டு வையுங்கள். தரவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இனி கேட்க முடியாது என்றால் ஒட்டும் கேள்விகளை எடுத்துப் பாருங்கள். அப்படியும் பிரியாவிட்டால் இரண்டையும் ஒரே மாறியாகச் சேர்த்துவிடுவதுதான் நேர்மை, கருதுகோள் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

அறிகுறி: 110 பேர்தான் கிடைத்தார்கள்

"பிஎல்எஸ்-க்குச் சின்ன சாம்பிள் போதும்" என்ற வாக்கியம் எத்தனையோ ஆய்வேடுகளின் மூன்றாம் அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும் என்பது உண்மை. போதும் என்பது வேறு. ஒரு மாறியை நோக்கி அதிகபட்சம் எத்தனை அம்பு வருகிறதோ அதைப் பத்தால் பெருக்கும் பழைய விதியை விட்டுவிடுங்கள், அது விளைவின் பலத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கோக், ஹதாயா 2018-இல் தந்த எளிய வழி இருக்கிறது: 2.486-ஐ நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் மிகச் சிறிய பாதைக் குணகத்தால் (அம்பின் பலத்தைச் சொல்லும் எண்ணால்) வகுத்து வர்க்கம் எடுங்கள். பாதை 0.20 என்றால் 155 பேர் வேண்டும். 0.15 என்றால் 275. 0.10 என்றால் 619. இது பிஎல்எஸ்-க்கான கணக்கு, 5 சதவீத அளவில், 80 சதவீதத் திறனோடு, அதாவது பாதை உண்மையில் இருந்தால் நூற்றுக்கு எண்பது தடவை கண்டுபிடிக்கும்படி. 110 பேரை வைத்து 0.24-க்குக் கீழே உள்ள பாதையை அந்தத் திறனோடு பிடிக்க முடியாது. சின்ன சாம்பிளில் பிஎல்எஸ்-க்குத் தனி மாயம் ஏதும் இல்லை என்று குட்ஹூ, லூயிஸ், தாம்ப்சன் 2012-இலேயே காட்டிவிட்டார்கள்.

அப்போ என்ன செய்வது? மாடலைச் சுருக்குங்கள். ஏழு மறைமாறி, பன்னிரண்டு கருதுகோள் என்பதை மூன்று மாறி, மூன்று கருதுகோள் ஆக்குங்கள். இல்லையென்றால் இன்னும் சில சனிக்கிழமைகள் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் போய்த் தரவு எடுங்கள், அதற்கு உங்கள் நெறிமுறை அனுமதியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லோரும் 4, 5 போட்டிருக்கிறார்கள், இயல்புப் பரவல் இல்லை

கடை வாசலில் நின்று கேட்டால் அப்படித்தான் வரும், முகத்துக்கு நேரே யார் 2 போடுவார்? இதற்காக மட்டும் பிஎல்எஸ் தேவையில்லை. லவானிலும் எம்பிளஸிலும் எம்எல்ஆர் என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது, இயல்புப் பரவல் இல்லாததைத் தாங்கும். ஐந்து புள்ளி அளவில் விடைகள் ஒரே பக்கம் குவிந்திருந்தால் கேள்விகளை வரிசைத் தரவு என்று அறிவித்து, அதற்கான டபிள்யூஎல்எஸ்எம்வி முறையைப் போடுங்கள். பலருடைய பிரச்சினை ஆமோஸில் இவை கிடைக்காததுதான், கோவேரியன்ஸ் முறையில் அல்ல. லவான் இலவசம், அது ஓடும் ஆர் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மாலையில் ஓட்டிவிடலாம்.

ஆனால் எல்லோரும் 5 போட்ட கேள்வியில் தகவலே இல்லை. அதை எந்த மதிப்பீட்டு முறையும் காப்பாற்றாது.

அறிகுறி: விசுவாசக் கேள்விகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை, ஆல்ஃபா 0.4

ஆல்ஃபா என்பது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண். இங்கேதான் முறையை மாற்ற நல்ல காரணம் இருக்கலாம். ஒருவர் மாதத்துக்கு எத்தனை தடவை வருகிறார், எத்தனை பிரிவுகளில் வாங்குகிறார், அட்டையைத் தேய்க்கிறாரா, எத்தனை பேரை அழைத்து வந்தார் என்று நாலு அளவு வைத்திருக்கிறீர்கள். அடிக்கடி வருகிறவர் பல பிரிவுகளில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ரொட்டியும் பாலும் மட்டுமே வாங்கிப் போகலாம். ஸ்மார்ட் ஷாப்பர், எக்ஸ்ட்ரா சேவிங்ஸ், கிளப்கார்டு என்ற மூன்று சலுகை அட்டைகளையும் ஒரே பர்சில் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம், அவர்களுக்கு அட்டை தேய்ப்பது ஒரு கடையின் மேல் உள்ள பாசத்தைக் காட்டாது. இந்த அளவுகள் சேர்ந்துதான் விசுவாசத்தை ஆக்குகின்றன, விசுவாசம் இவற்றை உண்டாக்குவதில்லை. இவற்றுக்கு ஆல்ஃபா பார்ப்பதே பிழை.

இப்படிப்பட்ட கூட்டுக் குறியீட்டுக்கு பிஎல்எஸ் இயல்பான இடம். அங்கே லோடிங்குக்குப் பதில் எடைகளைப் பாருங்கள், அளவுகள் ஒன்றையொன்று திரும்பச் சொல்கின்றனவா என்று காட்டும் விஐஎஃப் 5-க்குக் கீழே, முடிந்தால் 3-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள், எடை முக்கியத்துவம் பெறவில்லை என்பதற்காக மட்டும் ஒரு அளவைத் தூக்கிவிடாதீர்கள், ஏனென்றால் அதை எடுத்தால் விசுவாசத்தின் ஒரு பகுதியே போய்விடும். கோவேரியன்ஸ் வழியிலும் செய்யலாம், ஆனால் அந்த மாறியிலிருந்து குறைந்தது இரண்டு அம்புகள் வேறு அளவுகளுக்கோ மாறிகளுக்கோ வெளியே போக வேண்டும், இல்லையென்றால் மாதிரி அடையாளம் காணப்படாமல் (ஒரே ஒரு விடை கிடைக்காமல்) நின்றுவிடும். அமெரிக்க வாடிக்கையாளர் திருப்திக் குறியீடு 1994-இல் கிளேஸ் ஃபோர்னெல் தலைமையில் வந்தபோது பிஎல்எஸ்ஸைத்தான் எடுத்தார்கள். நிறுவனங்களை ஒப்பிட மதிப்பெண் வேண்டும் என்பது அவர்கள் தேவை. உங்கள் தேவையும் அதுவாக இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

அறிகுறி: இரண்டிலும் ஓட்டினேன், எண்கள் ஒத்துவரவில்லை

ஒத்துவராதுதான். திருப்திக்கும் விசுவாசத்துக்கும் உண்மையான தொடர்பு 0.60 என்று வையுங்கள், இரண்டு அளவுகளின் நம்பகத்தன்மையும் 0.80. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தால் 0.60-ஐ 0.80-ஆல் பெருக்கி 0.48-தான் தெரியும், அளவைப் பிழை மிச்சத்தைத் தின்றுவிடும். ஆமோஸ் அந்தப் பிழையைப் பிரித்தெடுத்து 0.60-ஐத் தேடுகிறது, பிஎல்எஸ் 0.48 பக்கம் நிற்கிறது. உங்கள் மாறிகள் மனதில் இருக்கும் பொதுக் காரணிகள் என்றால் ஆமோஸ் எண்தான் நீங்கள் தேடுவது. பிஎல்எஸ்ஸிலேயே இருக்க வேண்டுமென்றால் டிக்ஸ்ட்ரா, ஹென்செலர் 2015-இல் தந்த திருத்திய வடிவமான பிஎல்எஸ்சி-ஐ ஓட்டுங்கள். அதிலும் சில நேரம் ஒன்றைத் தாண்டிய லோடிங் வரும், மேலே சொன்ன முதல் அறிகுறிக்குத் திரும்பிவிடுங்கள். எதில் நட்சத்திரம் (முக்கியத்துவக் குறி) அதிகமோ அதைத் தேர்ந்தெடுத்து எழுதுவது மட்டும் கூடாது.

அறிகுறி: ஆமோஸில் மாடிஃபிகேஷன் இண்டெக்ஸ் கேட்டால் மறுக்கிறது

தரவில் விடுபட்ட கட்டங்கள் இருக்கின்றன. சராசரிகளையும் இடைவெட்டுகளையும் கணிக்கச் சொன்னால் ஓடும், ஆனால் இண்டெக்ஸும், தரவிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்துக் கணக்கிடும் சாதாரண பூட்ஸ்ட்ராப்பும் கிடைக்காது. லவானில், விடுபட்டதோடே கணிக்கும் எஃப்ஐஎம்எல் முறையைப் போட்டால் தீர்ந்தது.

அறிகுறி: ஆங்கிலத் தாளும் ஸூலுத் தாளும் வேறு வேறு முடிவு தருகின்றன

பாதைகளை ஒப்பிடும் முன் இரண்டு குழுவும் கேள்விகளை ஒரே மாதிரிப் புரிந்துகொண்டார்களா என்று காட்ட வேண்டும். கோவேரியன்ஸ் வழியில் படிப்படியாக: முதலில் அமைப்பு ஒன்றா, அடுத்து லோடிங்குகள் சமமா, அதற்கடுத்து இடைவெட்டுகள் சமமா. ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் விழுந்தால் அங்கேயே நில்லுங்கள். பாதைகளை ஒப்பிட லோடிங் சமம் போதும், சராசரிகளை ஒப்பிட இடைவெட்டும் சமமாக வேண்டும். பிஎல்எஸ்ஸில் இதே வேலைக்கு மைக்காம் என்ற மூன்று படிச் சோதனை, அதன் முதல் இரண்டு படிகள் தேறினால் பாதைகளை ஒப்பிடலாம். ஒரே ஒரு கேள்விதான் தகராறு செய்கிறது என்றால் மொழிபெயர்த்தவரோடு உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் படித்துப் பாருங்கள், மென்பொருளில் விடை கிடைக்காது.

அறிகுறி: கடைக்காரர் "யார் விட்டுப் போவார்கள்?" என்று கேட்கிறார், ஆய்வேட்டில் பதில் இல்லை

ஆர்-ஸ்கொயர் 0.62 என்று காட்டினால் அவருக்குப் பயன் இல்லை, அது ஏற்கெனவே கையில் இருக்கும் ஆட்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்றுதான் சொல்கிறது. கணிப்புதான் நோக்கம் என்றால் பிஎல்எஸ் பிரெடிக்ட் ஓட்டுங்கள்: தரவைப் பத்துப் பங்காக்கி, ஒன்பதில் கற்று, மிச்சமுள்ள ஒன்றில் சோதிக்கும். விசுவாசக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும், கணிப்பு வெறும் சராசரியைவிட மேலா என்று சொல்லும் க்யூ-ஸ்கொயர் பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு பிழை அளவைச் சாதாரண நேர்கோட்டு மாதிரியின் பிழையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான கேள்விகளில் நேர்கோட்டு மாதிரியே குறைந்த பிழை காட்டினால் உங்கள் அம்புகள் கணிப்புக்கு ஒன்றும் கூட்டவில்லை, அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். வாடிக்கையாளர்களின் சம்மதத்தோடு ஆறு மாத அட்டைத் தரவை அவர் தரத் தயாராக இருந்தால், கேள்வித்தாள் விடையை முதலிலும் உண்மையான வாங்குதலைப் பிறகும் வைத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு அந்த ஓட்டத்தில்தான் பதில் இருக்கும்.